நூற்று எண்பதாவது மீட்டரில் ராக்கெட்

போன மாதம் கீழ்க்கட்டளையில் ஒரு மாப்பிள்ளை கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிர்த் திசையில் போனார். பட்டு வேட்டி, ரோஜா மாலை, தலைப்பாகை எல்லாம் சரியாக இருந்தது. போன திசை மட்டும்தான் தப்பு.

போனது குதிரை மேல். அந்தக் குதிரையின் கயிறு யார் கையில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? என் கையில்தான்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சனி, ஞாயிறு எங்கே கரைகிறது என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. கேளம்பாக்கம் போகிற வழியில் ஒரு தகர ஷெட். அதில் ஏழு குதிரைகள். அதை நடத்துகிறவர்கள் ஜரீனா அக்காவும் அவர் கணவர் ரஹீம் பாயும். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புவது அவர்கள் தொழில். யாரோ வேண்டாம் என்று தள்ளிய குதிரைகளைக் கூட்டி வந்து நிறுத்திக்கொள்வது ஜரீனா அக்காவின் பழக்கம். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைகிற நான், மிச்ச இரண்டு நாள் அங்கே சாணி அள்ளி அதை நிமிர்த்திக்கொள்கிறேன்.

அந்தக் குதிரைகளில் ராணிக்கு ஒரு கண் தெரியாது. பேகம், ஹெல்மெட் போட்ட ஆண்களை மட்டும் கடிப்பாள்… ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பந்தயத்தில் கால் உடைந்து வந்த ஒரு நெட்டையன், இன்று சின்னப் பிள்ளைகளுக்கு ரைடிங் சொல்லித் தருகிறான். ‘இனி இது தேறாது’ என்று யாரோ சொன்ன பிறகு தேறியவர்கள் இவர்கள்.

ஏழாவது ஆள்தான் ராக்கெட். நல்ல வெள்ளை. சாதுவிலும் சாது. கோவளம் பக்கம் பீச்சில் ஏழு வருடம் ஆட்களைச் சுமந்தவன். அவன் முதலாளி ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டதால் இங்கே வந்தான். வெள்ளைக் குதிரைக்குக் கல்யாண சீசனில் இருக்கிற கிராக்கி, நல்ல மாப்பிள்ளைக்கே கிடையாது. ரஹீம் பாய் உற்சாகமாகத்தான் கீழ்க்கட்டளைக்குக் கூட்டிப் போனார்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினார். பேண்ட் செட் முன்னால் போக, விளக்குகள் இரண்டு பக்கமும் வர, ராக்கெட் ராஜ நடை போட்டான். ஒரு பேக்கரி வந்தது. நின்றான். அலட்டாமல், உதைக்காமல், ஒரு அரைவட்டம் போட்டுத் திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்தான். கயிற்றை இழுத்தேன். அவன் என்னை இழுத்தான்.

பேண்ட் செட்டுக்கு இது தெரியவில்லை. அது பாட்டுக்கு மண்டபத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

“அக்கா… இது எங்க போகுது?” என்று மேலே இருந்து என்னைக் கேட்டார் மாப்பிள்ளை.

“தெரியலைங்க.”

பெண் வீட்டு மாமா ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தார். “மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லைன்னா நேத்தே சொல்லியிருக்கலாமே! இப்படியா குதிரையில ஏறி ஓடுறது?”

ராக்கெட் நேராகக் கோயில் வாசலுக்கு வந்தான். ஏறிய அதே இடத்தில் சிலை மாதிரி நின்றான். மறுபடி எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. மாப்பிள்ளை இறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போனார். வீடியோக்காரர் மட்டும் ஒரு நொடி விடாமல் எடுத்தார்.

லோடு வண்டியில் ஷெட்டுக்குத் திரும்பியதும் ரஹீம் பாய் ஜரீனா அக்காவிடம் சொன்னார்.

“இன்னொரு தபா இப்டி ஆச்சு, குதிரை வாங்குற புரோக்கர் வண்டிய வரச் சொல்லிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“வேலை தெரியலைன்னா சொல்லித் தரணும். வண்டி ஏத்தி வுட்றதா?”

“நா இன்னா ஆசைப்பட்டா சொல்றேன் ஜரீ? ஏழு வாயி கீது இங்க. ஒழுங்கா போற குதிரைங்கதான் போவாததுக்கும் சேத்து சோறு போடுதுங்க. ‘ரஹீம் பாய் குதிரை மாப்ளைய ரிட்டர்ன் கொண்டாந்து வுட்ரும்’னு பேரு வந்துச்சுனா? ஏழுக்கும் பட்டினிதான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமே. புரோக்கர் வண்டியில் ஏறிய குதிரை எங்கே போகிறது என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

“ஒரு மாசம் குடுங்க பாய்,” என்றேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேனோ, அது எனக்கே தெரியாது!

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்தேன். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான மண் பாதை உண்டு. மேலே ஆள் இல்லாமல் கயிற்றைப் பிடித்து நடத்தினால் ராக்கெட் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வந்தான். நான் மேலே ஏறியதும்… ஒரு இடத்தில் நின்றான், திரும்பினான். ஃபோனில் தூரம் பார்த்தேன். நூற்று எண்பது மீட்டர். இன்னொரு முறை, அதே நூற்று எண்பது. வேறு பாதையில் கூட்டிப் போனேன். நூற்று எண்பத்திரண்டு!

கேரட் நீட்டினால் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினான். வெல்லம் கொடுத்தேன், தின்றுவிட்டுத் திரும்பினான். கொஞ்சினேன், திட்டினேன். காதை மட்டும் ஆட்டினான். ரஹீம் பாய் ஒருநாள் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். ஓங்கினார். ராக்கெட் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் குச்சியைத் தூரப் போட்டுவிட்டுப் போய்விட்டார். “பேஜாரு புடிச்ச குதிரை” என்று அவர் முணுமுணுத்ததில் கோபம் குறைவாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் மேனேஜர் கூப்பிட்டார். ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான்! நான் குதிரை மேல். ராக்கெட் அப்போதுதான் தன் நூற்று எண்பதில் வந்து நின்றிருந்தான். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கீழே இறங்கி, ஒரு மேட்டில் ஏறி நின்று, “யெஸ் சார், ஷ்யூர் சார்” எல்லாம் சொல்லி முடித்தேன். கடுப்போடு திரும்பி வந்து மறுபடி ஏறினேன்.

ராக்கெட் நேராக முன்னால் நடந்தான்.

போகிறான்… போய்க்கொண்டே இருக்கிறான்… பிறகு நின்று திரும்பினான். ஃபோனைப் பார்த்தேன். புதிதாக ஒரு நூற்று எண்பது.

அன்று மதியமே அவன் பழைய முதலாளி மூர்த்தி அண்ணனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“பின்ன திரும்பாதாம்மா? பீச்சுல அந்தத் தூரத்துலதான எங்க படகு நிக்கும்! படகு வரிக்கும் போவணும், திரும்பணும், கெளம்புன எடத்துல நிக்கணும். ஆள எறக்கினா ஒரு ரவுண்டு முடிஞ்சுது. அடுத்த ஆளு ஏறுனா அடுத்த ரவுண்டு. அப்பால அந்தப் படக வித்துட்டாங்க. ஆனா இவன் ஒரு நாளு கூட அந்த எடத்தத் தாண்டுனதில்ல. நான் தூங்கிகினு இருந்தாகூட கரீட்டா போய்ட்டு வந்துருவான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “நல்லா துன்றானாம்மா?”

“நல்லா சாப்பிடறாண்ணா.”

“சரி சரி… பாத்துக்கோ.”

ஃபோனை வைத்துவிட்டு ராக்கெட்டைப் போய்ப் பார்த்தேன். இவனையா பிடிவாதக்காரன் என்றோம்? ஏழு வருடம் ஒருவர் சொல்லிக் கொடுத்த வேலையை, அவர் போன பிறகும், படகே போன பிறகும், ஒரு மீட்டர் ஏமாற்றாமல் செய்துகொண்டிருக்கிறான். எங்கள் டீமில் ஒருவன் இருக்கிறான். பழைய கம்பெனி பழக்கத்தில் இன்னமும் மாலை ஆறு மணிக்கு யாருமே கேட்காத ரிப்போர்ட்டை அனுப்புவான். அவனையும் எல்லோரும் கிண்டல்தான் செய்கிறோம். ‘இந்த ஆள் சரிவர மாட்டான்’ என்று நாம் முடிவு கட்டுகிற பாதிப் பேர், வேறு யாரோ சொன்ன வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருப்பவர்கள்தானோ?

சரி, கண்டுபிடித்தாயிற்று. நூற்று எண்பது மீட்டருக்கு ஒருமுறை மேலே இருப்பவர் இறங்கி ஏறினால் போதும், ராக்கெட் மகாபலிபுரம் வரைகூடப் போவான். ரஹீம் பாயிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

“அது சரிம்மா. எந்த மாப்ள நடு ரோட்டுல எறங்கி எறங்கி ஏறுவான்?”

எனக்கு ஒரு மாப்பிள்ளை தெரியும். பக்கத்து சீட் பிரபு. செம்பாக்கம்தான் பூர்வீகம். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் பயிர் வைத்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஊரே கூடுகிற கல்யாணம். கேன்டீனில் விஷயத்தைச் சொன்னேன்.

“மச்சி, நான் எறங்கி என்ன பண்றது நடுத்தெருவுல?”

“டான்ஸ் ஆடு. இப்ப எல்லா மாப்பிள்ளையும் ஆடறாங்க.”

“எனக்கு டான்ஸ் வராதே!”

“குதிரைக்கு அது தெரியாது.”

ஒத்துக்கொண்டான். நல்லவன்.

கோயிலில் இருந்து மண்டபம் எழுநூறு மீட்டர். முந்தின நாள் ஸ்கூட்டியில் போய் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் கோடு டீக்கடை வாசலில், இரண்டாவது மொபைல் கடை, மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர். பேண்ட் மாஸ்டரிடமும் சொல்லி வைத்தேன். ஒரே ஒருவரிடம்தான் யாரும் சொல்லவில்லை. பிரபுவின் அத்தை. அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது என்பது எனக்கு ஊர்வலத்தில்தான் தெரிந்தது.

டீக்கடையில் பிரபு இறங்கினான். கையை மட்டும் ஆட்டினான். அதற்கே நண்பர்கள் விசில் அடித்தார்கள். ஏறினான். ராக்கெட் நேராக நடந்தான். மொபைல் கடை, அதே மாதிரி. ஜரீனா அக்கா கூட்டத்தின் ஓரமாகக் கூடவே நடந்து வந்தார். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. பிரபு காலைத் தூக்கினான்.

“டேய், உக்காரு!” என்றார் அத்தை. “ரெண்டு தடவை எறங்கினது போதும். நல்ல நேரம் போயிட்டிருக்கு.”

ஆபீஸில் யாருக்கும் பயப்படாத பிரபு, தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான். ராக்கெட் கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்தான். நின்றான். அவன் தலை என் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. கயிற்றை இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஜரீனா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது, நாளைக்குக் காலையில் புரோக்கர் வண்டி…

“மாப்ள, எறங்குப்பா,” என்றார் ரஹீம் பாய்.

“ஏங்க, ஒழுங்கா ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?” அத்தை அவர் பக்கம் திரும்பினார். “கெட்ட குதிரையா பாத்துக் கூட்டியாந்துட்டீங்களா?”

ரஹீம் பாய் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்பார். தொழில் அப்படி.

அவர் ராக்கெட்டின் கழுத்தில் கை வைத்தார்.

“கெட்ட குதிரையா? அம்மா, ஏழு வருசமா ஒரு நாளு தப்பு பண்ணாத குதிரை இது. நம்மள்ல யாராச்சும் அப்டி கீறோமா? எவ்ளோ தூரம் போவணும்னு அதுக்கு ஒரு கணக்கு கீது. மாப்ள எறங்கி ஏறுனார்னா மண்டபத்து வாசல்ல வுடும். இல்லாங்காட்டி கோயில் வாசல்ல கொண்டுபோய் வுடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

பேண்ட் மாஸ்டர்கூட டிரம்பெட்டை இறக்கிவிட்டார். அத்தை குதிரையைப் பார்த்தார். ரஹீம் பாயைப் பார்த்தார்.

“எறங்குடா,” என்றார். “சீக்கிரம் ஆடித் தொலை!”

பிரபு இறங்கினான். இந்தத் தடவை காலும் சேர்ந்து ஆடியது. ஏறினான். ராக்கெட் தலையை நேராக வைத்து, காதை முன்னால் நிமிர்த்தி, நடந்தான். மண்டப வாசலில் வாழை மரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். இறக்கிவிட்டதும் கழுத்தை வளைத்துப் பார்த்தான்… அடுத்த ஆள் எங்கே என்று!

நான் ஸ்கூலில் வாங்கிய கப், ஆபீஸில் வாங்கிய அவார்டு எதற்கும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. என் கையில் இருந்த கயிற்றை ஜரீனா அக்கா வாங்கிக்கொண்டார். அவர் கண் ஈரமாக இருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ரஹீம் பாயின் ஃபோன் அடித்தது. யாரோ அடுத்த முகூர்த்தத்துக்குக் குதிரை கேட்டார்கள் போல.

“ஆமா சார், வெள்ளதான்… பேரு ராக்கெட்டு… குதிரையப் பத்திக் கவலையே படாதீங்க சார். மாப்ள எப்டி? சொன்ன எடத்துல எறங்குவாரா?”