பொழுது சாய்ந்தால் வண்டி கிடையாது

அந்தப் படகுத்துறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றால்தான் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த வேலையை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகியும் அந்தப் பட்டம் விடவில்லை. குரலும் விடவில்லை. படியில் தொங்கியவனை உள்ளே தள்ளிய அதே குரல், இப்போது ஏரி நடுவில் ஜெட் ஸ்கி என்கிற தண்ணீர் ஸ்கூட்டரில் வட்டமடிப்பவனைக் கரைக்கு இழுத்து வந்தது. "நீல ஜாக்கெட், போதும், திரும்பு" என்று அவள் கத்தினால், நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு கரையில் ஐஸ்கிரீம் தின்பவனும் எழுந்து நிற்பான் என்று துறையில் ஒரு கேலி உண்டு.

துறை அக்காள் கணவருக்குச் சொந்தம். அவர் ஜெட் ஸ்கி வண்டிகளை வாங்கிப் போட்டதோடு சரி. மற்றதெல்லாம் அவள். காலையில் வந்ததும் ஒவ்வொரு வண்டியின் இருக்கையையும் தூக்கி, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பாள். சவாரிக்காரனின் மணிக்கட்டில் மாட்டுகிற சுருள் கயிற்றை இழுத்துப் பார்ப்பாள். அவன் தண்ணீரில் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து என்ஜினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

வண்டி ஏறுகிறவர்களை முழங்கால் தண்ணீரில் நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்பாள்.

"எதுக்க ஏதாவது வந்தா என்ன பண்ணுவ?"

"ஆக்ஸிலேட்டரை விட்டுட்டுத் திருப்புவேன்."

"விட்டா திரும்பாது. பின்னால தண்ணி பீச்சினாத்தான் இது திரும்பும். விட்டுட்டேன்னா நேரா போய்ச் சொருகும். கொஞ்சம் கொடுத்துக்கிட்டே திருப்பணும். சொல்லு பாப்போம்."

சொல்ல வைத்துத்தான் சாவி கொடுப்பாள். புது மாப்பிள்ளையானாலும் பெரிய டாக்டரானாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொழுது விஷயத்தில் அவள் இன்னும் மோசம். சூரியன் மறைந்த பிறகு ஜெட் ஸ்கி ஓட்டக் கூடாது என்பது ஏரி முழுவதற்கும் உள்ள சட்டம். அவளுக்கு அது போதாது. எதிர்க்கரை மரங்களின் தலையைச் சூரியன் தொட்டதுமே கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். அந்த நேரத்தில்தான் வலைக்காரர்கள் ஏரியில் இறங்குவார்கள். சத்தமில்லாத துடுப்புப் படகுகள். தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும், மூக்கில் ஒரே ஒரு விளக்கு. அதில் ஒரு படகு அவளுடைய கணவருடையது. அவள் வேலை முடியும்போது அவருக்கு வேலை தொடங்கும். இருவரும் சேர்ந்து உட்காருவது மத்தியானத்தில் மட்டும்தான், அதனால்தான் அந்த வீட்டில் சண்டையே இல்லை என்று அக்காள் சொல்வாள்.

வம்பு வந்தது பக்கத்து ஓட்டலிலிருந்து. அதன் முதலாளி சேற்றில் நடந்தாலும் வெள்ளை ஷூதான் போடுவார். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வெள்ளை ஷூ ஒருநாள் அக்காள் கணவரோடு துறைக் கொட்டகையில் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் வண்டிகளின் ஓரமெல்லாம் கலர் கலராக லைட் பட்டைகள் ஒட்டப்பட்டன. சனிக்கிழமையிலிருந்து இரவுச் சவாரி என்று ஓட்டல் வாசலில் பேனரும் ஏறிவிட்டது. இவளுக்குச் செய்தி பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

"மாமா, இது என்ன கூத்து?"

"லைட்டு போட்டாச்சுல்ல. பகல் மாதிரி இருக்கும்."

"வண்டி மேல லைட்டு போட்டா வண்டிதான் தெரியும். ஓட்டுறவன் கண்ணு கூசிப்போய் முன்னால இருக்கிறது ஒண்ணும் தெரியாது. படகு எங்க, வலை எங்க, கட்டை எங்கன்னு எப்படிப் பார்ப்பான்?"

"ஏரிக் காவல்ல பேசியாச்சு. கண்டுக்க மாட்டாங்க."

"அவங்க கண்டுக்க மாட்டாங்க, சரி. ஏரியும் கண்டுக்காதா?"

அவர் சிரித்தார். "உனக்கு உன் புருஷன் மேல பயம். அதுக்குப் போய் சட்டம் பேசுற."

"ஆமா, புருஷனுக்காகத்தான் பேசுறேன். வேற யாருக்காகப் பேசுவாங்க? அங்க இருக்கிற ஒவ்வொரு படகிலயும் ஒருத்தி புருஷன்தான் இருக்கான்."

"ஊரோட ஒத்துப் போகக் கத்துக்கம்மா" என்றார் அவர். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் வலையின் ஓட்டையைத் தைத்துக்கொண்டே, "நான் வேணா ரெண்டு விளக்கு வெச்சுக்கிறேன்" என்றார். அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தப்பு ஒருத்தர் பண்ண, ஒதுங்குகிறவன் இவனா?

சனிக்கிழமை சாயங்காலம். துறை இருப்பது ஒரு சின்னக் குடாவுக்குள். அங்கிருந்து பெரிய ஏரிக்குப் போக ஒரே ஒரு குறுகலான வாய்தான். வண்டிகளைப் பழுதுபார்க்க வைத்திருந்த மிதவையைக் கழியால் தள்ளிக்கொண்டு போய் அந்த வாயில் குறுக்கே நிறுத்தினாள். இரண்டு பக்கமும் நங்கூரம் போட்டாள். மிதவையின் இரு முனையிலிருந்தும் கரைவரை மிதப்புக் கட்டைகள் கோத்த கயிற்றைக் கட்டினாள். யாராவது தெரியாமல் வந்து மோதிவிடக் கூடாது என்று கயிறு நெடுக விளக்குத் தொங்கவிட்டாள். பிறகு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கரையில் பாட்டு போட்டிருந்தார்கள். ஓட்டல் விருந்தாளிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெள்ளை ஷூ தண்ணீர் விளிம்புவரை வந்து, "யாரு அது, என்ன வேலை இது?" என்று கேட்டார்.

"கண்டக்டர்" என்று பதில் வந்தது. "வண்டி இத்தோட நிக்குது. எல்லாரும் இறங்கிக்கலாம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெள்ளை ஷூ சிரிக்கவில்லை. அக்காள் கணவர் ஓடி வந்து, மானம் போகிறது, உடனே எடு என்றார். அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆள் அனுப்பி அவிழ்க்கச் சொல்வேன் என்றார். "அனுப்புங்க. வர்றவனுக்கு நீந்தத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்குங்க" என்றாள். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கரையிலிருந்து பார்த்தால் அது தெரியாதே.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் படகு தள்ளாடித் தள்ளாடி வந்தது. துடுப்புப் போட்டது அக்காள். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை வட்டம் சுற்றிவிட்டுத்தான் மிதவையைப் பிடித்தாள்.

"மாமா அனுப்பினாரா?"

"அவர் வேணாம்னு சொன்னாரு. அதான் வந்தேன்." அக்காள் ஒரு போர்வையையும் சாப்பாட்டு டப்பாவையும் மேலே தூக்கிப் போட்டாள். "நகரு. எனக்கு நாற்காலி இல்லையா?"

"இங்கயே உக்காந்தா நாளைக்கு வீட்ல உனக்குப் பெரிய பேச்சாயிடும்."

"பேசட்டும். இத்தனை வருஷமா அவர் பேச, நான் கேட்டாச்சு. ஒரு நாள் அவரும் கேக்கட்டும்."

இருவரும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். கரையில் பாட்டு நின்றுபோனது. வெளிப்பக்கம் வலைக்காரர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விரிந்தன. விருந்தாளிகளில் ஒரு பெண் கரையோரம் வந்து, வெளியே தெரிகிற அந்தச் சின்ன விளக்கெல்லாம் என்ன என்று கேட்டாள். "ஆளுங்கம்மா" என்று கண்டக்டர் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெண் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் கழற்றினார்கள்.

வெள்ளை ஷூ ஃபோன் செய்ததில் ஏரிக் காவல் படகு வந்து சேர்ந்தது. கண்டுக்க மாட்டேன் என்று சொன்ன அதே அதிகாரி.

"வழியை மறிக்கிறது குற்றம், தெரியுமில்ல?"

"தெரியும் சார். குற்றம்தான். எழுதிக்குங்க."

"ஒத்துக்குறியா?"

"ஒத்துக்குறேன். எதுக்கு மறிச்சேன்னும் சேத்து எழுதுங்க. பொழுது போன அப்புறம் எந்த வண்டி வெளிய வர இருந்துச்சு, யார் சொல்லி வர இருந்துச்சுன்னு. அதை விட்டுட்டு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார், கரையில் ஒளிர்கிற வண்டிகளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் இடிபட்ட மத்தளம் போல் நின்றார். கடைசியில் இரண்டையும் எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஓட்டல் பேனர் மறுநாளே இறங்கியது. அவளுக்கும் தண்டனை வந்தது. அந்தச் சுற்றுலாப் பருவம் முழுக்க எந்தத் துறையிலும் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு. அதற்கு முன்பே அக்காள் கணவர் அவளை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்.

அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. கணவரோடு படகில் போனாள். மீன் வாடை பிடிக்காமல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "முகமூடிக் கொள்ளைக்காரி கூட வலை போட வேண்டியதாப் போச்சு" என்று அவர் சொன்னார். வலை போடுகிற நேரத்தில்கூட அவள் உரக்கப் பேசுகிறாள், மீனெல்லாம் அடுத்த படகுக்கு ஓடுகிறது என்று மற்றவர்கள் குறை சொன்னார்கள்.

அடுத்த பருவம் தொடங்கி, ஒரு மத்தியானம் அக்காள் கணவர் வீட்டுக்கு வந்தார். புதிதாக வைத்த ஆட்களின் சொல்லை யாரும் கேட்பதில்லை, இருட்டின பிறகும் ஏரியில் வண்டி சுற்றுகிறது, ஒரு வண்டி கட்டையில் ஏறி மூக்கு உடைந்துவிட்டது என்றார். ஓட்டியவன் பிழைத்ததே பெரிது என்பதை மெதுவாகச் சொன்னார்.

"வர்றேன் மாமா. ஆனா பொழுது விஷயத்துல நான் சொல்றதுதான். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"துறை என்னோடதும்மா."

"துறை உங்களோடது. இருட்டு உங்களோடது இல்ல."

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். அவளும் எதிர்பார்க்கவில்லை. "காலைல சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு வாட்டசாட்டமான ஆள் வண்டியைக் கரையோரம் நிறுத்திக்கொண்டு, இறங்காமல் தகராறு செய்தான். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஒரே ஒரு ரவுண்டு என்றான். தனக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்றான்.

"நல்லாத்தான் ஓட்டுற, பாத்தேன்" என்றாள் கண்டக்டர், தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே. "எதுக்க வர்றவனுக்கு நீ தெரியணுமே. மணிக்கட்டுக் கயித்தைக் கழட்டு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான்.