பெடலை மிதித்த வெறுங்கால்

பாகூரில் ஒரு பண்ணை முதலாளியிடம் நான் டிரைவராக இருந்தேன். வண்டிப்பாதை, ஏரிக்கரை எல்லாம் ஏறும் பழைய மோட்டார் வண்டி. முதல் இரண்டு கியரில் மட்டும் குலுங்கிக் குலுங்கித் துள்ளும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவியும் தீரவில்லை. வேறு டிரைவர் பார்க்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த வாரம், பண்ணையின் கிணற்று இஞ்சினைப் பார்க்க, கரியமாணிக்கத்தில் கரும்பு ஆலை இஞ்சின் ஓட்டுகிற ஒருவரை ஏற்றி வந்தேன். புருவம் தீய்ந்த ஒல்லி மனிதர். எந்த இஞ்சின் சத்தத்தையும் வாய்க்குள் முனகிப் பார்ப்பார். வண்டி துள்ளியதும் முனகலை நிறுத்தினார்.

"இன்னாண்ணே, பூட்ஸக் கழட்டிட்டு மிதிச்சுப் பாரு. பெடலு தானா ஏறி எறங்குது."

வெறுங்காலில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். உண்மைதான். இஞ்சினைத் தாங்கும் போல்ட் தளர்ந்து, இஞ்சின் ஆடும்போதெல்லாம் பெடல் கம்பியையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அவரே இறங்கி முடுக்கினார். வண்டி குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு வயிறு எரிந்தது.

"யாருப்பா கண்டுபுடிச்சது?" என்று, வண்டி துள்ளாமல் பண்ணைக்குள் வந்ததைப் பார்த்த முதலாளி கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

பக்கத்திலேயே நின்றிருந்த ஆலைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "நல்ல கைங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

என் வேலை நிலைத்தது. அவர் புத்தியின்மேல் கொண்ட பொறாமை சில நாளில் தணிந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன மனசின்மேல் கொண்டது இன்னும் தணியவில்லை.