வெள்ளை உடுத்தியவர்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது என் மனைவி சுயேச்சையாக மனு போட்டாள். தெருவில் சாக்கடைத் தண்ணீர் தேங்குவதைச் சொல்லி நகராட்சி அலுவலகத்துக்கு ஓயாமல் நடந்தவள் அவள்தான். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்களே அவளை நிற்கச் சொன்னார்கள்.

மறுநாள் என் மைத்துனன் எனக்கு வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் வாங்கி வந்துவிட்டான். "மாமா, நீங்க இதைப் போட்டுக்கினு முன்னாடி நடங்க. அக்கா பின்னாடி வரட்டும். அப்பதான் எடுபடும்."

நடந்தேன். செங்கம் ரோட்டை ஒட்டிய தெருக்களில் எல்லோரும் என்னைப் பார்த்தே கும்பிட்டார்கள். "குடிதண்ணி ஒழுங்கா வருமா சார்?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னது என் மனைவி. அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் என் முகத்தையே பார்த்தார்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன். சொற்களின் வேரைத் தோண்டுவது எனக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. அன்று சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து அகராதியில் 'கேண்டிடேட்' என்ற சொல்லைத் தேடினேன். லத்தீனில் அது 'கேண்டிடாட்டுஸ்', அதாவது வெள்ளை உடுத்தியவர். அதற்குப் பின்னால் 'கேண்டிடுஸ்', பளிச்சென்ற வெண்மை. அதற்கும் அடியில் 'கேண்டேரே', ஒளிர்வது. மெழுகுவர்த்தியைச் சொல்லும் 'கேண்டில்' கூட அதே வேரில் கிளைத்ததுதான். பழைய ரோமில் பதவி கேட்டு வருகிறவர்கள் மேலாடையில் சுண்ணாம்புப் பொடி தேய்த்து வெளுக்கவைத்துக்கொண்டு ஜனங்களிடம் போவார்களாம்.

சமையலறையில் இருந்தவளிடம் உற்சாகமாகச் சொன்னேன். "பாரேன், நம்ம ஊர் வழக்கம் அங்கயும் இருந்திருக்கு!"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள். பச்சைச் சேலை, கால் முழுக்கத் தெருப்புழுதி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப இங்க வெள்ளை போட்டிருக்கறது யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. "நாளைக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டையப் போடுங்க. நோட்டீஸ் குடுத்துக்கினு பின்னாடி வாங்க. நான் பேசிக்கிறேன்."

மைத்துனன் முணுமுணுத்தான். நான் நீலக் கட்டம் போட்ட சட்டையில் பின்னால் நடந்தேன். பெண்கள் அவளை வாசலில் நிறுத்திக் குழாயைக் காட்டினார்கள், கால்வாயைக் காட்டினார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெயில் ஏற ஏற அவள் குரல் கட்டியது, முகம் மட்டும் தெளிந்துகொண்டே போனது.

கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தாள். இப்போது காலையில் நான் பல் தேய்க்கும்போதே யாராவது கதவைத் தட்டுகிறார்கள். "கவுன்சிலரம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போகிறேன்.