வேம்புலி வைத்த சத்தம்

கழற்றிய சைலன்சரை வேம்புலி தரையில் வைக்க மாட்டார். மடியில் சாய்த்து, பானை வாங்க வந்தவரைப் போல விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். பாதி வழியில் விரல் நிற்கும். "இங்க அடச்சிகினு கீது" என்று சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார். பிறகு வண்டிக்காரரை நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "யாருக்குக் கேக்கணும்?"

எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பருத்திப்பட்டில் ஒரு மாடி வீட்டு ஜன்னலுக்குக் கேட்க வேண்டும் என்று நெளிந்துகொண்டே சொன்ன கஜபதிக்கு ஒரு சத்தம் வைத்தார். ஏரிக்கரை எருமைகள் விலக வேண்டும் என்ற பால்காரருக்கு வேறு சத்தம். "கூட வேலை செய்யறவன் வயிறு எரியணும்" என்று உண்மையைச் சொன்ன ஒருவருக்கு, சிரித்தபடியே, இன்னொன்று.

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் சென்னீர்குப்பத்தில் ஆவடி சாலை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவருடைய கடை இருந்தது. மேலே தகரம், பின்னால் வயல். மாலையில் ஷிப்ட் விட்டால் சைக்கிள்களும், நடுநடுவே ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்களும் வரும். லாரிகள் பெங்களூர் சாலையோடு போய்விடும். ஒரு வண்டி பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போதே அது யாருடையது என்று கடையில் உட்கார்ந்து சொல்ல முடிந்த காலம் அது.

புது சைலன்சர் வாங்க வசதியில்லாதவர்கள்தான் அவரிடம் வந்தார்கள். சைலன்சருக்குள்ளே ஓட்டை போட்ட குழாய் ஒன்று இருக்கும். சத்தத்தை அடக்குவது அதுதான். அதை உருவி எறிந்துவிட்டால் வண்டி கத்தும். எல்லா மெக்கானிக்கும் அதைத்தான் செய்தார்கள். வேம்புலிக்கு அது பிடிக்காது. "உருவிப் போட்டா அது சத்தமா? அலறல் சார் அது." அவர் காயலாங்கடையில் பழைய அடிபம்புக் குழாய், கட்டில் கால், உடைந்த நாற்காலிக் கம்பி என்று பொறுக்கி வந்து, அளந்து அறுத்து, ஓட்டைகளைத் தானே போட்டு, உள்ளே பொருத்துவார். போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு தகர மூடியும் இலவசமாகத் தருவார்.

ஊருக்கே சத்தம் வைத்த மனிதருக்குத் தன் வீட்டில் சத்தம் ஆகாது. குக்கர் விசில் வருவதற்குள் எழுந்து ஓடி அடுப்பை அணைத்துவிடுவார் என்று அவர் மனைவி வடிவு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க ஊட்ல பருப்பு வெந்து பத்து வருசம் ஆவுது சார்."

என்னிடம் அப்போது மொபெட்தான் இருந்தது. ஆசைப்பட்டு ஒருநாள் கேட்டுவிட்டேன். வேம்புலி அதைச் சுற்றிப் பார்த்தார். "வேணாம் சார். அது ஒழுங்கா பொழச்சிகினு கீது. வுட்ருங்கோ."

அவர் வைத்த சத்தங்களில் சிறந்தது பார்த்தசாரதியின் எஸ்டி மோட்டார் சைக்கிளுக்கு வைத்தது என்பார்கள். பார்த்தசாரதி ஆவடித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து பிளாக். கல்யாணமான புதிதில் வண்டியைக் கொண்டுபோய், "நான் குவார்ட்டர்ஸ் கேட்ல திரும்பும்போது என் பொண்டாட்டி அடுப்புல காபிக்குத் தண்ணி வைக்கணும்" என்றாராம். வேம்புலி நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஆழமான, அவசரமில்லாத சத்தம். நாலே முக்காலுக்கு அது கேட்டால் எங்கள் வீட்டிலும் காபிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

தொண்ணூற்றொன்றில் மஞ்சள் காமாலையில் பார்த்தசாரதி போய்விட்டார். முப்பத்து நான்கு வயது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அவர் மனைவி வசந்தாவும் அப்பா வீரராகவனும் சாலையோரம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். எஸ்டியை சுலைமான் வாங்கினார். பூந்தமல்லி பேக்கரியிலிருந்து ஆவடி வரை கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். அவருடைய ரவுண்டு தினமும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான். நேரமும் கிட்டத்தட்ட அதே நேரம்.

இரண்டு மாதம் கழித்து வசந்தா கடைக்கு வந்தார். நான் அங்கே பெஞ்சில் இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தச் சத்தத்தை மாத்திடுங்க."

வேம்புலிக்கு உடனே புரியவில்லை.

"தெனமும் கதவு வரைக்கும் ஓடிடறேன். ஓடினப்புறம்தான் ஞாபகம் வருது. நேத்திக்கு அடுப்புல தண்ணி வெச்சிட்டேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "மாமாவுக்குத் தெரிய வேணாம். கஷ்டப்படுவாரு."

"சரிம்மா" என்று மட்டும் சொன்னார் வேம்புலி.

மறுநாள் சுலைமானை வழிமறித்தார். சுலைமான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா அண்ணாத்தே, சத்தத்துக்குத்தானே வண்டியவே எடுத்தேன். கடைக்காரங்கோ இத்தக் கேட்டுத்தான் வெளிய வராங்கோ." வேம்புலி விஷயத்தைச் சொன்னதும் சுலைமான் ரொட்டிப் பெட்டியை அவிழ்த்து இறக்கினார். "அந்த அம்மா வாசல்ல நிக்கும். ரொட்டி வேணும் போலன்னு ரெண்டு தபா நிறுத்திக் கேட்டுட்டேன் அண்ணாத்தே" என்று சொல்லி, சாவியை வேம்புலியின் கையில் வைத்தார்.

இரண்டு சைலன்சரிலும் குழாய்கள் மாறின. எஸ்டி மாவு மில்லைப் போல ஓடத் தொடங்கியது. ஈடாக வேம்புலி ஒரு ரப்பர் ஹார்ன் மாட்டிக் கொடுத்தார். கழற்றிய பழைய குழாய்களைக் கடைக்குப் பின்னால் வீசி எறிந்தார். நல்லதாகச் செய்த ஒன்றைத் தன் கையாலேயே கெடுப்பது எப்படியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பத்து, பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு வீரராகவன் வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேம்புலியிடம் போய் நின்றார்.

"நீதானேப்பா என் பையன் வண்டிக்கு வேலை பாத்தது?"

"ஆமாங்க ஐயா."

"நாலே முக்காலுக்கு அது எங்க வீட்டைத் தாண்டும். நான் உள்ளே கட்டில்ல இருப்பேன். வந்து போறான்னு நெனச்சிக்குவேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இப்பக் கொஞ்ச நாளா காணோம். அந்தாளு வண்டிய வித்துட்டானா? எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சா சொல்லு, அங்க போய் ஒருதரம் கேட்டுட்டு வந்துடறேன். மருமகளுக்கு நான் வந்தது தெரியாது. அது பாவம், இப்பத்தான் கொஞ்சம் தேறி வருது."

வேம்புலி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். வண்டி விற்கப்படவில்லை என்று சொன்னால் சத்தம் ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வசந்தாவைச் சொல்ல வேண்டும்.

"உக்காருங்க ஐயா" என்றார்.

கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த இரும்புக்குள் இறங்கினார். நானும் போனேன். கம்பியும் தகடுமாகப் புரட்டிப் போட்டுத் தேடினோம். கை கிழிந்ததை அவர் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பழைய குழாய்களில் ஒன்று கிடைத்தது. வரப்பு ஓரத்தில் இன்னொன்று. மண்ணைத் தட்டி, ஊதி, லுங்கியில் துடைத்தார். ரிப்பேருக்கு வந்து நின்றிருந்த வேறு ஒருவருடைய எஸ்டியில் அவற்றைப் பொருத்தினார்.

"வண்டி வேற ஐயா. அப்படியே வராது" என்று முன்கூட்டியே சொன்னார்.

மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. வீரராகவன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இல்லப்பா... இது கொஞ்சம் பறக்குது." வேம்புலி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினார். சத்தம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கிழவரின் கையிலிருந்த குடை மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்குள் கட்டிலில் இருப்பவரைப் போல, பெஞ்சில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து, ஒரு ஆர்எக்ஸ் வண்டியை முறுக்கியபடியே கடையை நோக்கித் திரும்பினான் ஒருவன். வேம்புலி எழுந்து சாலைவரை ஓடினார். ரத்தம் வழிந்த கையை நீட்டி, அவன் வண்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார்.