சோழவந்தான் வாய்க்கால் பாலத்தின் அடியில் பார்த்தது

பாலம் வடிவமைப்பது என் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கான்கிரீட் பாலம் போடுகிறவளுக்கு, கம்பியே இல்லாத காலத்தில் எப்படிக் கட்டினார்கள் என்று நேரில் பார்க்க ஆசை. போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மதுரையில் இறங்கினேன். ரசிக்கத்தான் போனேன். கொதித்துப்போய்த் திரும்பினேன்.

காலை ஆறரைக்கு வைகையின் பழைய கல்பாலம். ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் சங்கதி புரியும். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடித்து, பாரத்தைத் தூணுக்குக் கடத்துகிறது. கல் நெருக்கலைத் தாங்கும்; இழுத்தால் விட்டுவிடும். இழுப்பைத் தாங்கக் கம்பி வந்த பிறகுதான் இன்றைய நேர்ப் பாலங்கள் வந்தன. கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்தது பத்து நிமிடத்தில் விளங்கியது.

ஆரப்பாளையத்தில் 7.20க்கு டவுன் பஸ், 8.25க்கு சோழவந்தான். அங்கிருந்து முருகேசன் அண்ணன் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், 120 ரூபாய். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வாய்க்காலைத் தாண்டும் ஒற்றை வளைவுக் கல்பாலம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். இறங்கினேன்.

வளைவின் உச்சியில், ஓரமாக, மூன்று கல்லை உடைத்து எடுத்துவிட்டுக் குடிநீர்க் குழாயைச் சொருகியிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய விரிசலுக்குள் என் இரண்டு விரல் போனது. வளைவு முழுவதையும் பூட்டிப் பிடித்திருக்கும் உச்சிக்கல்லையா உடைப்பார்கள்?

செங்கல் ஏற்றிய டிராக்டர் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“வழிய விடுங்கம்மா, இம்புட்டு நாளா இதுலதான போறோம்!” என்றார் டிரைவர்.

அக்கரையில் வெற்றிலைக் கட்டுகளோடு லோடு ஆட்டோவுக்குக் காத்திருந்த பேச்சியம்மாள் அக்காவும் சண்டைக்கு வந்தார். “பாலத்த அடைச்சா எவ்வெத்தல எப்பிடிச் சந்தைக்குப் போகும்? நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போயிருவீக.”

“ஒரு தடவ கீழ வந்து பாருங்கக்கா.”

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தார். விரிசலுக்குள் தன் விரலையும் விட்டுப் பார்த்தார்.

“குழா பதிக்கையிலயே கேட்டேன். பழைய பாலந்தான, ஒண்ணும் ஆகாதுன்னாங்க. எம்மக ஸ்கூல் வேன் தெனம் இதுலதான வருது!”

மேலே ஏறி அவர் போட்ட சத்தத்தில் டிராக்டர் ரிவர்ஸில் போனது. இரண்டு பக்கமும் அகத்திக் கம்புகளைக் கட்டி அடைத்தோம். வெற்றிலைக் கட்டுகளை முருகேசன் அண்ணனும் நானும் தலையில் சுமந்து இக்கரைக்குக் கொண்டுவந்தோம்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “எப்படியும் இடிக்கப்போற பாலம்தான் மேடம்” என்றார் ஒருவர். இடிக்கிற நாள் வரை அதன்மேல் போகிறவர்கள் மனுசர்கள் இல்லையா? வரைபடம் இல்லாத பழைய பாலம் என்றால் எவன் வேண்டுமானாலும் உளி வைக்கலாமா?

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் அக்கா போனில் பேசினார். ஆட்கள் வந்தார்களாம். விரிசலில் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, கம்புகளைப் பிடுங்கிவிட்டார்களாம். “விடுவமா? வேன்ல போற பிள்ளைகளோட அம்மாக்க பதினோரு பேரு பாலத்துலயே உக்காந்துட்டோம்.” மறுநாள் காலை வளைவுக்கு அடியில் இரும்பு முட்டு வந்தது, கனரக வண்டிக்குத் தடையும் வந்தது. ஊர் திரும்பியதும் நான் அந்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிய இன்ஜினியரிங் அறிக்கைக்கு இன்றுவரை பதில் இல்லை.

பாலம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் குறைந்த மாதத்தில் போங்கள். வழுக்காத செருப்பு, ஒரு டார்ச், அளவெடுக்க ஒரு டேப் போதும். மேலே நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடியில் இறங்கிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆனால் முதலில், தினமும் அதைக் கடக்கிறவர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள்.