பதினாறில் ஐந்து

ராஜவேலு என் தங்கை மஞ்சுவின் புருஷன். மஞ்சு போய் எட்டு மாதம் ஆகிறது. தலைக்குள் ரத்தம் கசிந்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த மனிதன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழவில்லை என்பதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை ஏரிக்குப் போனான், வலை போட்டான், வந்தான். நான் ஆக்கிப் போட்டதைத் தின்றான். உப்பில்லாமல் குழம்பு வைத்துக் கொடுத்தாலும் மறுபேச்சு இல்லை. நான் ஒருமுறை வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பழவேற்காட்டுக் குப்பத்தில் எவனுக்கும் இல்லாத ஒரு பைத்தியம் அவனுக்கு இருந்தது. பஹ்ரைனில் ஆறு வருஷம் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தபோது, கூடத் தங்கியிருந்த கோவாக்காரச் சமையல்காரர் ஒருவர் ஒரு கேசட் கொடுத்திருக்கிறார். காலின் தெரல் என்று ஓர் இங்கிலீஷ் பாடகன். ஏதோ குழுவில் பாடிக்கொண்டிருந்தவன், சண்டை போட்டுப் பிரிந்து, நாற்பது வருஷமாகத் தனியாகவே பாடி வருகிறான். மொத்தம் பதினாறு ஆல்பம். பாட்டு நடுவில் நின்றுவிடும், திடீரென்று பியானோ வரும், பிறகு யாரோ கதவைச் சாத்துவார்கள். ராஜவேலுவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பதினாறையும் தேடிப் பிடித்து வைத்திருந்தான்.

அவற்றுக்குப் பெயர் வைத்தவள் மஞ்சு. அட்டையில் இருக்கும் இங்கிலீஷை யார் படிப்பது? முதல் ஆல்பம் "கோவக்காரன்". வெறும் பியானோ உள்ளது "பொண்டாட்டி போனவன்". குரல் உடைந்த பிறகு பாடியது "கெழவன் பாட்டு". ஒன்பதாவதில் முக்கால் மணி நேரம் காற்றும் ரேடியோ இரைச்சலும்தான். அதற்கு "தலைவலி" என்று பெயர். அந்த ஒன்றில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போவார்கள், இரண்டு பேருக்கும் ஆகாது. மற்றபடி எது உசத்தி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டைதான்.

அவர்களுடைய ஒரே மகள் திவ்யா, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அந்தப் பாடகனின் எழுபதாவது பிறந்தநாளுக்காக அவனுடைய ரசிகர்கள் நெட்டில் ஒரு படிவம் போட்டிருந்தார்கள். பிடித்த ஐந்து ஆல்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். அதைக் கண்டதும் அவள் அப்பனிடம் ஓடிவந்தாள். யோசித்து வை, அடுத்த ஞாயிறு வந்து எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவன் தலையாட்டினான். இந்த ஒன்றிலாவது அவன் வாயைத் திறப்பான் என்று நானும் நினைத்தேன். வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். ராஜவேலு ஒரு காகிதத்தை நீட்டினான். திவ்யா வாங்கிப் பார்த்தாள். முதல் இடத்தில் "தலைவலி".

"இது உனக்குப் புடிக்காதே நைனா?"

"சீட்டுல வந்துச்சு."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் இறாலுக்கு எங்கே வலை போடுவது என்று எவனும் இஷ்டத்துக்குத் தீர்மானிக்க முடியாது. பாடு என்று முறை இருக்கிறது. சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்று முடிவாகும். முகத்துவாரம் கிடைத்தால் யோகம், சேற்று மூலை கிடைத்தால் அன்றைக்கு அதுதான். எனக்கு இந்த இடம் பிடிக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் எவனாவது சொன்னால் சிரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், அதனால்தான் நாங்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்காமல் இருக்கிறோம். ஆனால் பாட்டுக்கும் அதே முறையா? பதினாறு பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி, ஐந்தை எடுத்திருக்கிறான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செத்தவள் பெயர் வைத்த பாட்டு, அதற்குக்கூட இவனுக்கு மனசு இல்லையா என்று கேட்டேவிட்டேன். திவ்யா போனைத் திறந்து, பிடிவாதமாக முதல் பெயரை அடித்தாள். காரணம் இன்னா போடட்டும் என்று கேட்டாள்.

"அதோட மொற வந்துச்சுன்னு போடு."

அவள் விரல் அசையவில்லை. அவனும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவனாகவே பேசினான்.

"பதினாறையும் போட்டுக் கேட்டேன் திவ்யா. ஒண்ணு உடாம. எல்லாம் ஒரே மாதிரி கீது. காதுல உழுது, உள்ள எறங்கல. எதுன்னு சொல்லச் சொன்னா நான் எதச் சொல்லுவேன்?"

என் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. அவனிடம் மனசு இல்லாமல் இல்லை, அது மரத்துப்போய்க் கிடக்கிறது. எட்டு மாதமாக அவன் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

திவ்யா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான் நைனா. அம்மா போனதுலேர்ந்து எனக்கு அழுகையே வரல. நீ ஒண்ணு புடிக்கும்னு சொன்னா, அதப் போட்டு நீ அழுவே, உன்கூட நானும் அழுதுடலாம்னு இருந்தேன்."

ராஜவேலு அவளை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை.

சாவு வீட்டில் வந்தவர்களுக்கு டீ கொடுத்தவள் அவள். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டவள், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் ஆளைப் பேசியவள், மஞ்சுவின் புடவைகளை மடித்து மூட்டை கட்டியவள் எல்லாம் அவள்தான். நான் எட்டு மாதமாக அவள் அப்பனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அழுதாளா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.