பேகத்தின் தவிட்டுச் சுவர்

காலையில் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் கன்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். "நைனா, காதர் பாய் பூட்டாரு. தொழுவப் போக எழுந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றான். கழற்றிய பலகைகளைத் திரும்ப மாட்டினேன். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் அன்று யாருமே கடை திறக்கவில்லை.

அவரிடம் அரிசி வாங்கிய உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? பழவேற்காட்டிலிருந்து வந்து மண்டி வைத்தவர். மகா கறார். ஒரு பிடி அரிசி சிந்தினால் கன்னியப்பன் பாட்டன் வரைக்கும் திட்டு வாங்குவான். பக்கத்துக் கடையில் துணி விற்றுக்கொண்டு இதையெல்லாம் கேட்டவன் நான். ஆனால் அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது எனக்கு அவருடைய பூனையால்தான் தெரிந்தது. சிரிக்க வேண்டாம்.

பூனைக்குப் பேகம் என்று பெயர். ஒரு நாள் உச்சி வெயிலில் அது வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திக் குனிந்தார். "இங்க பாரு நைனா. இந்த வெய்யில்ல பூனைக் கண்ணுப் பாப்பா நெல்லு கணக்கா ஒடுங்கிக்கினு நிக்கணும். இது ராத்திரில இருக்கிறாப்பல விரிஞ்சிக் கீது." நானும் பார்த்தேன். கண் கறுப்பாக, அழகாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. என் கடையிலிருந்து துளி இலவம்பஞ்சு வாங்கி, அதன் முகத்துக்கு நேரே ஓசையில்லாமல் விழவிட்டார். பேகம் தலையை அசைக்கவில்லை. "அதான் மூட்ட மேல தாவாம சுவரோரமாவே நடந்துக்கினு இருந்திச்சி" என்றார்.

உடனே தெருவே வைத்தியர் ஆகிவிட்டது. ஒருவர் விளக்கெண்ணெய் என்றார், இன்னொருவர் தாய்ப்பால் என்றார். "இன்னான்னு தெரியாம கண்ணுல ஒரு சொட்டு போவக் கூடாது. போங்கய்யா" என்று எல்லாரையும் விரட்டினார். பேகத்தை மூடுகூடையில் வைத்து, வியாபார நேரத்தில் மண்டியைப் பூட்டிவிட்டு, பட்டணத்து மாட்டாஸ்பத்திரிக்கு ரயில் ஏறினார். மறுநாள் திரும்பி வந்து, "உள்ளாற நரம்பு பூடுச்சாம். இனிமே வராதாம்" என்றார். பிறகு, "கண்ணு செவந்தாலும், பீளை தள்ளினாலும், ஒண்ணை மட்டும் சுருக்கினாலும் அன்னிக்கே தூக்கிக்கினு வரணுமாம். சிலது பொழைக்குமாம். உன் கடைப் பூனையையும் பாத்துக்க" என்றார்.

அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். மண்டி வாசலிலிருந்து அவர் குடும்பம் இருந்த பின்கட்டு வரை தவிட்டு மூட்டைகளை வரிசையாகப் போட்டார். மீசை மயிர் மூட்டையில் உரச, பேகம் அதை ஒட்டியே விறுவிறுவென்று போய்வரும். புது ஆட்கள் அதற்குக் கண் தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். தவிடு புழுத்தால் மாற்றுவார், இடம் மாறாது. என் மாட்டுக்கு ஒரு மூட்டை கேட்டேன். "அது விக்கிறதுக்கில்ல" என்றார். பின்னே எதற்கய்யா அடுக்கி வைத்திருக்கிறாய் என்று எரிச்சலோடு கேட்டேன். "அது பேகத்தோட சுவரு. நீ அடுத்த தெருவுல வாங்கிக்க." அடுத்த தெரு மண்டிக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

அடக்கத்தன்று பழவேற்காட்டுச் சொந்தமெல்லாம் வந்து நிற்க இடமில்லாமல், யாரோ அந்த மூட்டைகளைத் தெருவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது பேகம் வெறும் தரையின் நடுவில் நின்றது. ஒரு காலை நீட்டித் துழாவியது. ஒன்றும் தட்டுப்படாமல் அங்கேயே ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அவர் மனைவியின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது: "அந்தத் தவிட்ட மொதல்ல உள்ள போடுங்க. அதுக்கு வழி தெரியல."

தொப்பி போட்ட பெரியவர்கள், அவர் மகன், கன்னியப்பன், நான், எல்லாருமாகத் தூக்கினோம். தரையில் மூட்டைகளின் தடம் அப்படியே இருந்தது. பேகம் முகத்தை நீட்டி முதல் மூட்டையைத் தொட்டது. எழுந்து, உரசிக்கொண்டே பின்கட்டுக்குப் போனது. அதுவரை அழாத நான் அப்போது அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தினமும் உச்சி வெயிலில் என் கடைப் பூனையின் கண்ணைப் பார்க்கிறேன். அது நெல்லாக ஒடுங்கிய பிறகுதான் சாப்பிடப் போகிறேன். இப்போது மண்டியை அவர் மகன் நடத்துகிறார். என் மாட்டுக்குத் தவிடு அடுத்த தெருவிலிருந்துதான் வருகிறது.